எலிக்கு வாங்கிய ஏர் கன்: ஒரு வருஷம் வைத்துப் பார்த்ததில்

கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலைக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் பிளம்ஸ், கொஞ்சம் பட்டர் ஃப்ரூட், வீட்டுக்குப் பின்னால் விதை உருளைக்கிழங்கு போட்டு வைக்கும் தகர ஷெட். ஷெட்டில் எலி. மருந்து வைக்கலாம் என்றால், பக்கத்து வீட்டு நாய் மருந்து தின்ற எலியைக் கவ்விச் செத்துப்போனதிலிருந்து வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. அப்படித்தான் போன சித்திரையில் மதுரைக்கு இறங்கி, பேரலை (குழலை) மடக்கி ஸ்பிரிங் ஏற்றுகிற .177 ரக (குழல் துளை 0.177 அங்குலம்) ஏர் ரைபிள் ஒன்றை ஒன்பதாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். கடையில் ஆதார் நகல் வாங்கி, நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள், அவ்வளவுதான். குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்குள், குழல் துளை .177-க்கு மேல் போகாத ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டியதில்லை.

முதல் வாரம் ஒன்றுமே படவில்லை. துப்பாக்கியை நான் இறுக்கிப் பிடித்ததுதான் கோளாறு. உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைத்து, அப்புறம் முன்னாலும் ஒரு குலுக்குக் குலுக்கும், அந்த ஆட்டம் தொடங்கும்போது குண்டு இன்னும் பேரலுக்குள்தான் இருக்கிறது. இடது உள்ளங்கையில் சும்மா கிடத்தி, தோளில் லேசாக ஒட்டவைத்து, அது ஆடுகிறபடி ஆடட்டும் என்று விட்டால் பத்து மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குள் விழுகிறது. இதைச் சொல்லித்தர கடைக்காரருக்கு நேரமில்லை. குண்டு இல்லாமல் விசையை இழுத்து விளையாடக் கூடாது, பிஸ்டன் சீல் கெட்டுவிடும் என்பதையும் யாரும் சொல்லவில்லை; எங்கள் மச்சான் பையன் ஒரு மத்தியானம் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

குண்டில் தட்டை மூக்கும் உருண்டை மூக்கும் வாங்கிப் பார்த்தேன். ஷெட்டுக்குள் ஆறேழு மீட்டர்தான், தட்டை மூக்கே போதும். ஆனால் சுவர் கருங்கல், தவறினால் குண்டு தெறித்துத் திரும்பி வருகிறது. ஒருமுறை என் காதோரம் போய்த் தகரத்தில் டங்கென்றது. அதற்குப் பிறகு எலி வரும் மூலையில் இரண்டு மணல் மூட்டை, எனக்குக் கண்ணைக் காக்க ஒரு கண்ணாடி. டார்ச்சில் சிவப்பு ஜிகினாத்தாளைக் கட்டினால் எலி அவ்வளவாக ஓடுவதில்லை. அடிபட்டதை ஆழமாகப் புதைத்துவிடுவேன். ஈயம் உள்ளே இருக்கும், ஆந்தை தின்றால் பாவம்.

இப்போது வயிற்றெரிச்சல் கணக்கு. நாலு மாதத்தில் துப்பாக்கிக்கு விழுந்தவை பதினொன்று. அதே நாலு மாதத்தில் சந்தையில் வாங்கிய எலிப்பொறி இரண்டும் சேர்ந்து முப்பதுக்கு மேல் பிடித்தன, அதுவும் நான் கம்பளிக்குள் தூங்கும்போது.

"அண்ணே, காட்டுக்கோழி அடிக்கலாமா, முயல் விழுமா?" என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. விழும் தம்பி, அப்புறம் நீயும் உள்ளே விழுவாய். 1972 வன உயிரினச் சட்டத்தில் இரண்டுக்கும் பாதுகாப்பு உண்டு. 2022 திருத்தத்துக்குப் பிறகு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அந்தச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள விலங்கு என்றால் இன்னும் கூடுதல். தோட்டம் என்னுடையது, பிளம்ஸைக் கொத்துவது கொண்டைக்குருவி என்ற நியாயமெல்லாம் ரேஞ்சரிடம் எடுபடாது. குருவிக்கு வலை போட்டேன், பழம் தப்பித்தது. மலையணிலைக் குறிபார்க்கிறவனிடம் பேசுவதற்கே ஒன்றுமில்லை. காட்டுமாடு தோட்டத்துக்குள் வந்தால் இந்தச் சாமானைத் தொடவே தொடாதீர்கள், அதற்கு இது கொசுக்கடி, கோபம் மட்டும் வரும்.

துப்பாக்கியின் மேல் எனக்குள்ள பெரிய புகார் அதனோடு கொடுத்த உறைதான். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறார்கள், ஐப்பசி கார்த்திகை மூடுபனியில் அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. பத்து நாள் கழித்துத் திறந்தால் பேரல் முழுக்கச் செம்புள்ளி. கடைக்குப் போன் செய்தால் "மலையில அப்படித்தாங்க இருக்கும்" என்றார்கள். இப்போது எண்ணெய்த் துணியால் வெளியே மட்டும் துடைத்து, சமையல்கட்டுப் பக்கத்து அலமாரியில் பூட்டி வைக்கிறேன். பேரலுக்குள் எண்ணெய் போனால் சுடும்போது புகை கிளம்பும், குறியும் தப்பும்.

மொத்தத்தில் துப்பாக்கிக்கு ஐந்துக்கு மூன்று மார்க். ஞாயிற்றுக்கிழமை டப்பா வைத்துச் சுட நன்றாக இருக்கிறது, அதில் என்னைவிட வீட்டுக்காரி கெட்டிக்காரி. எலி மட்டும்தான் பிரச்சினை என்றால் பொறி நூற்றைம்பது ரூபாய், வத்தலக்குண்டு சந்தையில் கிடைக்கிறது.