ஹோல்ட்ஓவரிலும் எரியும் பச்சை விளக்கு: எங்கள் ஒத்திசைவுக் கருவியைப் பற்றி

கைபேசித் தளங்களுக்குத் துல்லியமான நேரமும் அதிர்வெண்ணும் தரும், ரூபிடியம் அணுக்கடிகாரம் பொருத்திய இந்த ஒத்திசைவுக் கருவியின் விலை குறைந்திருப்பதாகக் கேள்விப்பட்ட கல்முனை நண்பர், தங்கள் நிலையத்துக்கும் ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். இக்கருவிக்கு நேரம் பெற்றுத் தரும், மின்னலில் பழுதான ஜிபிஎஸ் அன்டெனாவை மட்டக்களப்பு நிலையத்தில் மாற்றி முடித்த கையோடு பதில் எழுதுவதால், என் எழுத்தில் சற்றுச் சூடு இருக்கும்.

இக்கருவியின் சிறப்பு, தான் பின்பற்றத் தெரிவு செய்யாத உள்ளீட்டு சிக்னல்களையும் அது ஓயாமல் அளந்துகொண்டிருப்பதே. சிக்னல் வருகிறதா, இல்லையா என்று பார்ப்பதோடு நில்லாமல், கடிகாரத் துடிப்பைக் கொண்டுவரும் ஒவ்வொரு 2.048 மெகாபிட் இணைப்பின் கட்டத்தையும் (துடிப்பு எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்பதை) தன் ரூபிடியத்தோடு ஒப்பிட்டு வரைபடமாகத் தருகிறது. வெவ்வேறு பாதைகளில் வருவதாக எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்த இரண்டு இணைப்புகளும், பகல் வெப்பத்தில் ஏறி இரவில் இறங்கி, சிறு நெளிவுகூடப் பிசகாமல் ஒன்றையொன்று ஒத்திருந்தன. வெப்பம் கூடும்போது ஃபைபரில் தாமதமும் கூடும் என்பதால், இரண்டும் ஒரே கேபிளில் வருகின்றனவா என்று விசாரித்தோம், அப்படித்தான் இருந்தது. 2016 ஜனவரி 26 அன்று ஜிபிஎஸ் செய்மதிகள் சிலவற்றிலிருந்து வந்த யூடிசி (உலகப் பொது நேரம்) திருத்தத் தரவு ஏறத்தாழ 13 மைக்ரோசெக்கன் பிழைத்தபோது உலகெங்கும் நேரக் கருவிகள் தடுமாறின. ஜிபிஎஸ்ஸையும் சந்தேகித்து அளக்கும் கருவியின் அருமை அத்தகைய நாளில்தான் புரியும்.

இத்தனை நுட்பமாக அளக்கும் கருவி, தன் சொந்த நிலையைச் சொல்லும்போது மட்டும் வாயை மூடிக்கொள்கிறது. ஜிபிஎஸ் துண்டிக்கப்பட்டதும், அதுவரை கற்ற அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டு, வெளித் துணையின்றித் தானே ஓடும் ஹோல்ட்ஓவர் நிலைக்குப் போகிறது, அது சரியே. ஆனால் முகப்பில் அதே பச்சை விளக்குத்தான் எரிகிறது. அலாரப் பட்டியலிலோ, கதவு திறந்திருக்கிறது என்பது போன்ற மைனர் அலாரங்களுக்கு நடுவே ஒரு வரியாக ஹோல்ட்ஓவர் செய்தி கிடக்கிறது. வெளியீடு நன்றாக இருப்பதால்தான் பச்சை என்பது விற்றவர்களின் விளக்கம். அது பொய்யன்று, ஆனால் எவ்வளவு நேரத்துக்கு நன்றாக இருக்கும் என்பதே என் கேள்வி. அதிர்வெண்ணில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு பிழை இருந்தாலும், ஒரு நாளில் 0.86 மைக்ரோசெக்கன் விலகல் சேர்ந்துவிடும். அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும் டிடிடி முறையில் இயங்கும் தளங்களுக்கு மூலத்திலிருந்து அன்டெனா வரை அனுமதிக்கப்படுவதே 1.5 மைக்ரோசெக்கன்தான், இரண்டாம் நாள் முடியுமுன் அந்த முழு அளவையும் இது தனியாகவே விழுங்கிவிடும். இரண்டுக்கும் தனித்தனி அலைவரிசை இருப்பதால் அதிர்வெண் மட்டும் போதுமான எஃப்டிடி தளங்களிலோ நூறு கோடியில் 50 பங்கு வரை பொறுத்துக்கொள்ளப்படுவதால், அழைப்பு எதுவும் அறுவதில்லை, முறைப்பாடும் வருவதில்லை. அன்டெனா செத்ததை யாரும் கவனிக்காததற்கு அதுவே காரணம்.

எரிச்சல் அத்தோடு முடியவில்லை. புதிய அன்டெனாவோடு கருவியை மீண்டும் இயக்கியபோது, வெப்பமேறி, ஜிபிஎஸ்ஸோடு அவசரமாக ஒத்திசையும் விரைவுப் பூட்டு நிலையைக் கடந்து, ‘லொக்’ என்று காட்டியது. இப்போதுதான் பூட்டிய கருவியும், மாதக்கணக்கில் கற்றுத் தேறிய கருவியும் அதே ஒரு சொல்லைத்தான் காட்டுகின்றன. உடனே இன்னொரு மின்னல் விழுந்தால் இதன் ஹோல்ட்ஓவரை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை அறிய, கட்டளை வரிக்குள் புகுந்து தேட வேண்டும். இடி மின்னலுக்குப் பஞ்சமில்லாத ஐப்பசியில் இது சிறு குறையாகத் தெரியவில்லை.

அளவீட்டில் இதற்கு நிகரான கருவியை நான் பயன்படுத்தியதில்லை. இருந்தும், நண்பரே, இன்றைய மனநிலையில் என் பதில் வாங்க வேண்டாம் என்பதே. விலையைப் பார்த்து வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பொருத்தும் நாளிலேயே ஹோல்ட்ஓவர் அலாரத்தை மேஜருக்கு உயர்த்தி, பின்புற ரிலே முனையிலிருந்து தனிக் கம்பி இழுத்து, காவலர் அறையில் ஒரு மணியோடு இணைத்துவிடுங்கள்.