மேயர் தேர்தல்: சிகாகோ முறையா, சான் பிரான்சிஸ்கோ முறையா?

இரண்டு ஊரிலும் மேயர் தேர்தல் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. அதை வைத்து வேட்பாளர்களுக்குக் கட்சியே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 2023இல் சிகாகோவில் இறுதிவரை மோதிய பிராண்டன் ஜான்சன், பால் வாலஸ் இருவருமே ஜனநாயகக் கட்சிக்காரர்களாகத்தான் நின்றார்கள். யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு கிடைக்காவிட்டால் அடுத்து என்ன என்பதில்தான் ஊர்கள் பிரிகின்றன.

சிகாகோவில் முதல் இருவருக்கு மட்டும் சில வாரங்கள் கழித்து மறுதேர்தல். 2023 பிப்ரவரி 28இல் 9 பேர் போட்டி. வாலஸ் சுமார் 33%, ஜான்சன் சுமார் 22%. பதவியிலிருந்த லோரி லைட்ஃபுட் மூன்றாம் இடத்தோடு வெளியேறினார். ஏப்ரல் 4இல் ஜான்சன் சுமார் 52% பெற்று வென்றார். இருவரை மட்டும் நிறுத்தி உரசிப் பார்க்க ஐந்து வாரம் கிடைப்பது இம்முறையின் பலம். பலவீனம் முதல் சுற்றில் இருக்கிறது: 2019இல் 14 பேர் நின்றதில் முதலிரு இடங்களுக்கும் சேர்த்தே மூன்றில் ஒரு பங்கு ஓட்டுதான். மீதிப் பேர் தாங்கள் தேர்ந்தெடுக்காத இருவரில் ஒருவரை ஏற்க வேண்டியதாயிற்று.

சான் பிரான்சிஸ்கோவில் ஒரே நாள், ஒரே சீட்டு. 1, 2, 3 என 10 பேர் வரை வரிசைப்படுத்தலாம். கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். தவறுகள் நடப்பது சீட்டில்தான். ஒருவரையே எல்லா இடத்திலும் குறித்தால் அது ஒரே ஓட்டுதான். ஒரே இடத்துக்கு இருவரைக் குறித்தால் அந்த இடமும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாது. நடுவில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டால் பரவாயில்லை, அடுத்ததற்குப் போய்விடும். குறித்தவர்கள் எல்லோரும் நீக்கப்பட்டால் அந்தச் சீட்டு இறுதிக் கணக்கிலேயே வராது.

பொறுமையும் வேண்டும். 2018 ஜூனில் நடந்த சான் பிரான்சிஸ்கோ மேயர் தேர்தலில் வேட்பாளர்கள் மார்க் லெனோவும் ஜேன் கிம்மும் ஒருவருக்கொருவர் இரண்டாம் விருப்பம் கேட்டுக் கூட்டு வைத்தார்கள். முதல் இரவில் லெனோ முந்தினார். தபால் ஓட்டுகளை எண்ண எண்ண இன்னொரு வேட்பாளரான லண்டன் ப்ரீட் சுமார் 1% வித்தியாசத்தில் ஜெயித்தார்.

கூட்டம் பெருத்த களத்துக்கு வரிசை முறையே மேல். ஆனால் மூன்று பெயரோடு நிறுத்திவிடும் வாக்காளருக்கு சிகாகோதான் பாதுகாப்பு: அங்கே ஏப்ரலில் மறுபடி போய் ஓட்டுப் போட்டால் போதும், சீட்டு செத்துப்போகாது.