43 ஆயிரம் கிலோமீட்டர் ஓடின செடான்னு சொல்லி என் தலையில் கட்டிட்டாங்க. பழைய கார் பார்க்கிறவங்க தயவுசெஞ்சு படிங்க

கை இன்னும் நடுங்குது. எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. மத்தியானம் சர்வீஸ் சென்டர்ல ஆரம்பிச்சு, அங்கிருந்து நேரா வண்டி வாங்கின ஷோரூமுக்குப் போய், கத்தி, தொண்டை கட்டி, இப்பதான் பொள்ளாச்சி வந்து சேர்ந்தேன். போனது 1,85,000 ரூபாய். திருடன் வந்து எடுத்துட்டுப் போகலை. நானே உட்கார்ந்து, காபி குடிச்சு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு வந்தேன்.

தினமும் கோயம்புத்தூர் போய் வரணும், போக வர 80 கிலோமீட்டர். அம்மாவுக்கு மூட்டு வலி, பின் சீட்ல காலை நீட்டி உட்காரணும். அதனால செடான்தான்னு முடிவு பண்ணி, புதுசு கட்டுப்படியாகாம, 2018 வாக்குல வந்த பெட்ரோல் வண்டியா தேடினேன். பையன் எக்செல் போட்டுக் கொடுத்தான். சியாஸ் 21.56, வெர்னா 17.70, சிட்டி 17.4, யாரிஸ் 17.1. எல்லாம் மேனுவல் கியருக்கு, வண்டிகளை டெஸ்ட் பண்ணிச் சான்று கொடுக்கிற ஏஆர்ஏஐ சொன்ன மைலேஜ். அடுத்த கட்டத்துல டிக்கி: சியாஸும் சிட்டியும் 510 லிட்டர், வெர்னா 480, யாரிஸ் 476. அடுத்தது ஏர்பேக்: யாரிஸ்ல 7, வெர்னா சிட்டி ரெண்டுலயும் டாப் வேரியன்ட் எடுத்தா 6, சியாஸ்ல 2. அப்புறம் சன்ரூஃப், குரூஸ் கன்ட்ரோல், பின்னாடி ஏசி வென்ட். பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கலர் எல்லாம் அடிச்சு, மூணு வாரம் ராத்திரி ராத்திரி அதையே பார்த்துட்டிருந்தேன். நான் வாங்கினது இதுல ஒண்ணு. எதுன்னு சொல்லலை, ஏன்னா தப்பு வண்டி மேல இல்லை.

முதல்ல பார்த்தது உடுமலைப்பேட்டையில ஒரு ரிடயர்ட் வாத்தியார் வண்டி. இதே மாடல், சன்ரூஃப் இல்லாத கீழ் வேரியன்ட், நான் வாங்கினதைவிட ஒரு வருஷம் பழசு, 78,000 கிலோமீட்டர். 5,60,000 சொன்னார். சர்வீஸ் பில் எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டு வச்சிருந்தார். பெட்ரோல் போட்டதை எழுதி வைக்க ஒரு நோட்டு வேற. மைலேஜ் என்ன கொடுக்குதுன்னு கேட்டதுக்கு, நோட்டைப் புரட்டிட்டு, "டவுன்ல 12, ரோட்ல 16தான் கண்ணு, மேல எதிர்பார்க்காதே"ன்னார். பின் பம்பர்ல ஒரு கீறலைக் காட்டி, "இது நான் கேட்ல இடிச்சது"ன்னு அவரே சொன்னார். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? வீட்டுக்கு வந்து எக்செல்ல அந்த வண்டி வரிசைக்குச் சிவப்பு அடிச்சேன். 12ங்கிறாரே, ஏஆர்ஏஐ சொன்ன 17 எங்க, இவர் சொல்ற 12 எங்க, வண்டியில ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். "அந்த வாத்தியார் வண்டியே போதுங்க"ன்னு என் வீட்டுக்காரி ரெண்டு தடவை சொன்னா. கேட்கலை.

ஆடி முடியட்டும்னு இருந்து, ஆவணி பிறந்ததும் கோயம்புத்தூர்ல ஒரு ஷோரூமுக்குப் போனோம். பழைய வண்டி வாங்கி விற்கிற இடம்தான், ஆனா கண்ணாடி போட்டு, ஏசி போட்டு, இருபது வண்டி பளபளன்னு வரிசையா நிக்கும். டாப் வேரியன்ட், 2018, சிங்கிள் ஓனர். மீட்டர்ல 43,210. விலை 7,45,000. "டாக்டர் வண்டிங்ணா, வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் போகும், ஞாயித்துக்கிழமை ஷெட்டை விட்டே எடுக்க மாட்டாரு"ன்னான் அந்தப் பையன். இந்த ஊர்ல விலைக்கு வர்ற பழைய வண்டி எல்லாமே டாக்டர் வண்டிதான். அத்தனை டாக்டருங்க எங்கதான் இருக்காங்களோ.

எல் அண்ட் டி பைபாஸ்ல ஓட்டிப் பார்க்கலாம்னு கூட்டிட்டுப் போனான். பைபாஸ் ஏறின உடனே என் பக்கத்துல இருந்து ஸ்டியரிங்குக்குக் கையை நீட்டி ஒரு பட்டனை அழுத்தினான். சராசரி மைலேஜ் காட்டுற எண் சைபர் ஆச்சு. "இப்ப இருந்து பாருங்ணா, ஃப்ரெஷ்ஷா தெரியும்." ஏசி ஒண்ணுல, அஞ்சாவது கியர்ல, அறுபது அறுபத்தஞ்சுலயே போகச் சொன்னான். பதினஞ்சு நிமிஷத்துல 21.3 காட்டுச்சு. சூடேறின இன்ஜின், நிறுத்தமில்லாத ரோடு, ஒரே வேகம். இப்படி ஓட்டினா எந்த வண்டியும் கொஞ்ச தூரத்துக்கு அப்படித்தான் காட்டும். ஏஆர்ஏஐ டெஸ்ட்டே உருளை மேல வண்டியை நிறுத்தி, ஏசி இல்லாம, இருபது நிமிஷத்துக்குள்ள முடிக்கிற சமாச்சாரம், உச்ச வேகமே 90தான். இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சு வச்சிருந்த ஆள் நான். 17 போட்ட வண்டி 21 காட்டினா சந்தேகம் வரணும். எனக்குச் சந்தோஷம் வந்துச்சு.

திரும்பி வந்து நிறுத்தினதும் சன்ரூஃபைத் திறந்து விட்டான். என் பொண்ணு சீட் மேல ஏறி, தலையை வெளிய நீட்டி, "அப்பா இதுதான், இதுதான்"னு கத்தினா. நான் ஏமாந்தது அங்கதான். அதுக்கு அப்புறம் நான் எதையும் பார்க்கலை. டயர்ல 2223ன்னு இருந்துச்சு, அதாவது 2023-ல 22-வது வாரம் செஞ்சது. 43 ஆயிரம்தான் ஓடின வண்டிக்கு எதுக்கு நாலும் புது டயர்னு கேட்டேன், கேட்காம இல்லை. "டாக்டர்ங்ணா, சேஃப்டி பார்ப்பாருல்ல." சர்வீஸ் ரெக்கார்டு? "வெளிய தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட பார்த்திருக்காருங்ணா, எங்க ரிப்போர்ட் இருக்கு பாருங்க." பக்கம் பக்கமா டிக் அடிச்ச ஒரு ரிப்போர்ட். கடைசியா, "நம்மூர்ப் பக்கத்து ஆளுங்க நீங்க, உங்ககிட்டப் போய் பொய் சொல்லுவனுங்களா"ன்னான். ஃபில்டர் காபி வந்துச்சு. பணத்தை ட்ரான்ஸ்ஃபர் பண்ணினேன்.

வாத்தியார் வண்டிக்கும் இதுக்கும் வித்தியாசம் 1,85,000. மீட்டர்ல குறைச்சலா இருந்த 35 ஆயிரம் கிலோமீட்டருக்கும், ஒரு சன்ரூஃபுக்கும், திரையில தெரிஞ்ச 21.3-க்கும் நான் கொடுத்த விலை அது.

முதல் மாசமே டேங்க் நிரப்பி, மறுபடி நிரப்பி, கணக்குப் பார்த்தேன். 430 கிலோமீட்டருக்கு 36.4 லிட்டர். 11.8. அதுவும் முக்கால்வாசி பொள்ளாச்சி ரோட்டு ஓட்டம். போன் அடிச்சேன். "ஓட்ட ஓட்ட செட் ஆகிடும்ங்ணா." அடுத்த வாரம் மறுபடி. "இப்பெல்லாம் பெட்ரோலே ஈ20ங்ணா, எல்லாருக்கும் இதே கம்ப்ளைன்ட்தான்." சரி, ஈ20ன்னா 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனாலுக்கு எரிசக்தி கம்மிதான். பழைய டிசைன் கார்ல 6, 7 சதவீதம் குறையலாம்னு நிதி ஆயோக்கோட 2021 அறிக்கையிலயே இருக்கு. 17-ல 7 சதவீதம் போனா மிச்சம் கிட்டத்தட்ட 16, பன்னெண்டுக்குக் கீழ எப்படிடா வரும்? கேட்டேன். "ஏசி போட்டு ஓட்டறீங்களா?" அடுத்த போனுக்கு, "காத்து செக் பண்ணுங்க." அதுக்கடுத்து, "மேனேஜர் வெளியூர் போயிருக்காரு." ஒவ்வொரு பதில்லயும் பாதி உண்மை இருக்கு பாருங்க, அதுதான் எரிச்சல். காத்து, ஏசி, பெட்ரோல், ஓட்டுற விதம் எல்லாமே மைலேஜைப் பாதிக்கும். அதனால எவனும் எதையும் நிரூபிக்க முடியாது. நானும் ஒரு மாசம் செருப்பைக் கழட்டிட்டு மெதுவா மிதிச்சு ஓட்டிப் பார்த்தேன், பைத்தியக்காரன் மாதிரி. 12.1 வந்துச்சு.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவினப்பதான் பிடிபட்டுச்சு. ஸ்டியரிங்குக்குப் போட்டிருந்த லெதர் கவர் அழுக்கா இருக்கே, துவைச்சுப் போடலாம்னு தையலைப் பிரிச்சேன். உள்ள ஸ்டியரிங் மேல்பாதி ரெண்டு பக்கமும், கை பிடிக்கிற இடம், சொரசொரப்பே இல்லாம, எண்ணெய் தடவின மாதிரி வழவழன்னு இருக்கு. ஒரு ஓரத்துல தோல் உரிஞ்சு சாம்பல் கலர் தெரியுது. கீழ குனிஞ்சேன். கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ரப்பர் புத்தம் புதுசு, வரி வரியா. ஆக்சிலேட்டர் பெடல் மட்டும் வரியெல்லாம் தேய்ஞ்சு, கால் கட்டைவிரல் படுற இடம் லேசா குழிஞ்சே போயிருக்கு. மத்த ரெண்டுக்கும் ரப்பரைத் தனியா வாங்கி மாட்டிடலாம், ஆக்சிலேட்டருக்கு முழுசா மாத்தணும். காசு மிச்சம் பிடிச்சிருக்கான். சந்தனம் குங்குமம் வைக்க வந்த அம்மா, "என்னடா தரையில உட்கார்ந்துட்டே"ன்னாங்க.

எங்க மெக்கானிக் அண்ணன் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து சொன்னார்: கிளட்ச் தேய்ஞ்சு ஸ்லிப் ஆகுது, பின் பிரேக் ஒட்டிப் பிடிக்குது, ஆக்சிஜன் சென்சார் மந்தமாயிடுச்சு. "இது லட்சம் தாண்டின வண்டி தம்பி." மீட்டர் டிஜிட்டல்தானேண்ணான்னு கேட்டேன், சிரிச்சார். உள்ள ஒரு சின்ன மெமரி சிப்லதான் அந்த எண் இருக்காம். ஸ்டியரிங் அடியில இருக்கிற ஓபிடி பாயின்ட்ல ஒரு கருவியைச் சொருகினா, இல்லேன்னா மீட்டரைக் கழட்டினா, பத்து நிமிஷ வேலையாம். முள் சுத்துற பழைய மீட்டரைத் திருப்புறதைவிட இது சுலபம்னார். ஆனா சர்வீஸுக்கு வண்டி விட்ட இடத்துல கம்ப்யூட்டர்ல ஏறின கிலோமீட்டர் ஏறினதுதான், அதைப் போய்ப் பாருன்னார்.

இன்னைக்கு ஆர்சி என் பேர்ல வந்திருச்சேன்னு எடுத்துட்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அட்வைசர் பொண்ணு நம்பரைத் தட்டுச்சு, கொஞ்ச நேரம் திரையையே பார்த்துச்சு, ஒண்ணும் பேசாம மானிட்டரை என் பக்கம் திருப்புச்சு. கடைசி வரி, 2023 மார்ச்: 1,18,642. அதுக்கப்புறம் இங்க வண்டி வரவே இல்லை. இப்ப என் மீட்டர்ல 46,050.

நேரா ஷோரூம். "வாங்ணா, சொல்லுங்ணா"ன்னு காபி கொடுத்த அதே பையன், பிரின்ட்டைப் பார்த்த நிமிஷத்துல இருந்து என்னை "சார்" ஆக்கிட்டான். வெளியூர் போன மேனேஜர் உள்ள ரூம்லதான் இருந்தார். "நாங்களும் இதே மீட்டரோடதான் வாங்கினோம் சார், எங்களுக்கே தெரியாது." அப்படின்னா யார்கிட்ட வாங்கினீங்க, அந்த டாக்டர் நம்பர் கொடுங்க. "பிரைவசி சார், தர முடியாது." பழைய வண்டி விற்கிறவங்க ஆர்டிஓவுல வாங்க வேண்டிய 29பி சான்றிதழைக் காட்டுங்கன்னேன், 2023 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்கிற விதி அது. "அதெல்லாம் ஆன்லைன்ல இருக்கும் சார்." அப்புறம் நான் கையெழுத்துப் போட்ட டெலிவரி நோட்டைக் கொண்டு வந்து, பின்பக்கம் எறும்பு ஊர்ற சைஸ்ல ஒரு வரியைக் காட்டினார்: மீட்டரில் காணும் கிலோமீட்டருக்கு நிறுவனம் பொறுப்பல்ல. வாசல்ல ஒரு குடும்பம் வெள்ளை வண்டி ஒண்ணைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டிருந்தாங்க. நான் சத்தம் போடப் போட, ஒரு பையன் அவங்களை மெதுவா அடுத்த ஹாலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான்.

வர்ற வழியில கிணத்துக்கடவுல நிறுத்தி வாத்தியாருக்குப் போன் போட்டேன். ஏன் போட்டேன்னு எனக்கே தெரியலை. நாங்க பார்த்துட்டுப் போன அதே வாரம் வித்துப் போச்சாம், அஞ்சரை லட்சத்துக்கு. "நீ எடுத்த வண்டி எவ்வளவு ஓடியிருக்கு கண்ணு"ன்னு கேட்டார். சிக்னல் சரியில்லைங்கன்னு சொல்லி வச்சுட்டேன்.

அஞ்சு விஷயம் சொல்லணும்னுதான் எழுத உட்கார்ந்தேன். தலை வலிக்குது, ஞாபகம் இருக்கிறதைச் சொல்லிடறேன். காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி, ஓனரோட சம்மதத்தோட கம்பெனி சர்வீஸ் சென்டர்ல வண்டி ஹிஸ்டரியைப் பாருங்க. எடுத்துத் தர மாட்டேன்னு சொன்னா வண்டி வேண்டாம், அவ்வளவுதான். ஸ்டியரிங் கவரைக் கழட்டச் சொல்லுங்க, ஆக்சிலேட்டர் பெடலைக் குனிஞ்சு பாருங்க. திரையில காட்டுற மைலேஜை நம்பாதீங்க. டெஸ்ட் டிரைவ்ல எவனாவது கையை நீட்டி அதை சைபர் ஆக்கினா அங்கயே இறங்கிடுங்க. டெலிவரி நோட்டுக்குப் பின்பக்கம் உண்டு. உங்க ஆளு ஒரு மெக்கானிக்கைக் கூடவே கூட்டிட்டுப் போங்க. எங்க அண்ணனுக்கு ஒரு நாள் கூலி கொடுத்திருந்தா இந்த 1,85,000 என்கிட்டயே இருந்திருக்கும்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல கூப்பிட்டுப் புகார் பதிஞ்சாச்சு. நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், நான் இருக்கிற மாவட்டத்துலயே போடலாம். அஞ்சுல இருந்து பத்து லட்சத்துக்குள்ள வாங்கின பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய். திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கிறேன். சர்வீஸ் சென்டர் பிரின்ட்டை மூணு ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன். கிளட்ச் மாத்த 38,000 ஆகுமாம், அது தனி. கேஸ் முடியுற வரைக்கும் ஸ்டியரிங்கையும் பெடலையும் தொடாதேன்னு மெக்கானிக் அண்ணன் சொல்லியிருக்கார். நாளைக்கும் அதே வண்டியிலதான் கோயம்புத்தூர் போகணும்.