சங்குப்பூவா, பாசிச்சாயத்தாளா, பினோத்தலீனா: எந்தக் காட்டி எதற்கு?

அமிலமா காரமா என்பதை நிறம் மாறிச் சொல்லும் பொருளே காட்டி. அது எதுவானால் என்ன, நிறம் மாறினால் சரி என்ற எண்ணம் சாதாரண தரப் பரிசோதனைகள்வரை ஓடும். உயர்தரத்தில் வினாகிரியை நியமிக்க, அதாவது செறிவு தெரிந்த காரத்தைச் சிறிது சிறிதாக விட்டு அதன் அமிலச் செறிவை அளக்கப் போனால் அதே எண்ணம் விடையை மூன்றில் ஒன்றாகக் குறைத்துவிடும். ஒவ்வொரு காட்டிக்கும் நிறம் மாற ஒரு பீஎச் (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) வீச்சு உண்டு. அந்த வீச்சுக்குள் 7 இருக்கவேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. மெதைல் செம்மஞ்சள் 3.1இல் சிவப்பு, 4.4இல் மஞ்சள். பினோத்தலீன் 8.3வரை நிறமற்றது, 10இல் நல்ல இளஞ்சிவப்பு. பாசிச்சாயம் (லிட்மஸ்) ஏறத்தாழ 5க்கும் 8க்கும் இடையே மெல்ல மெல்ல மாறும்.

திருகோணமலையில் இதைக் காட்டுவதற்குக் காசு கொடுத்து மாதிரி வாங்கத் தேவையில்லை. டச் பே கரையில் ஒரு போத்தல் கடல்நீர் அள்ளினால் போதும். அதன் பீஎச் 8.1 அளவில் இருக்கும், அதாவது மென்காரம். பினோத்தலீன் இரண்டு துளி விட்டால் நிறமே வராது. "அப்படியென்றால் அமிலம்" என்று எழுதும் கொப்பிகள் ஏராளம். மெதைல் செம்மஞ்சள் மஞ்சளாகும், ஆனால் அது சொல்வது 4.4க்கு மேல் என்பதை மட்டுமே. இரண்டையும் சேர்த்துப் படித்தால் 4.4க்கும் 8.3க்கும் இடையில் என்று தெரியும். காரப் பக்கம் என்று சொல்ல, நீலமாகத் தொடங்கும் சிவப்புப் பாசிச்சாயத்தாள் வேண்டும்.

வீட்டுக் காட்டிகளில் என் வாக்கு சங்குப்பூவுக்கு. பச்சைக் காம்பை நீக்கிய 10 பூவிதழ்களை 100 மில்லிலீற்றர் சூடான நீரில் 10 நிமிடம் ஊறவைத்து வடிக்கவேண்டும். 2 மில்லிலீற்றர் மாதிரிக்கு 5 துளி. உப்புநீரில் நீலம், தேசிக்காய்ச் சாற்றில் ஊதா, ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் இளஞ்சிவப்பு, அப்பச்சோடாவில் பச்சை கலந்த நீலம், தெளிந்த சுண்ணாம்பு நீரில் பச்சை. சுண்ணாம்பு நீரில் கொஞ்ச நேரம் விட்டால் மஞ்சளாகிவிடும். அப்போது நிறப்பொருளே சிதைந்திருக்கும், பிறகு அமிலம் விட்டாலும் பழைய நிறம் முழுதாகத் திரும்பாது. சாறு இரண்டு நாளில் கெடும். வடிதாளில் தோய்த்து நிழலில் காயவைத்தால் பல நாள் வைத்திருக்கலாம், வெயிலில் போட்டால் வெளிறிவிடும்.

செவ்வரத்தம்பூவும் அமிலத்தில் சிவப்பு, காரத்தில் பச்சை என்று நன்றாகவே காட்டும். ஆனால் இதழின் வழுவழுப்பு வடிதாளை அடைத்துவிடும்; துணியில் வடிப்பதே வழி. மஞ்சள் காரத்தை மட்டும் பிடிக்கும். ஆலாத்தித் தட்டில் மஞ்சள்நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பது இந்த வேதியியல்தான், தேசிக்காய் பிழிந்தால் திரும்ப மஞ்சளாகும். அமிலமும் நடுநிலையும் அதற்கு ஒரே மஞ்சள் என்பதால் தனித்து நம்பமுடியாது.

பூச்சாறு எதுவும் நியமிப்புக்கு உதவாது. நிறம் படிப்படியாக நகர்வதால், காரம் விடுவதை நிறுத்தவேண்டிய முடிவுப்புள்ளியை ஒரு துளியில் பிடிக்கமுடியாது. அங்கே போட்டி பினோத்தலீனுக்கும் மெதைல் செம்மஞ்சளுக்கும்தான்.

ஐதரோகுளோரிக்கமிலமும் சோடியம் ஐதரொட்சைட்டும் என்றால் எதையும் போடலாம். லீற்றருக்கு 0.1 மூல் செறிவில் ஒன்றிரண்டு துளிக்குள் பீஎச் 4 அளவிலிருந்து 10 அளவுக்குப் பாய்ந்துவிடும். வினாகிரி அப்படியல்ல. 5 சதவீத வினாகிரியைப் பத்து மடங்கு ஐதாக்கினால் லீற்றருக்கு 0.083 மூல் அளவு வரும். அதில் 25 மில்லிலீற்றருக்கு 0.1 மூல் காரம் 20.8 மில்லிலீற்றர் வேண்டும், அமிலமும் காரமும் சரிக்குச் சரியாகத் தீரும் சமவலுப்புள்ளி பீஎச் 8.7க்குக் கிட்ட, பினோத்தலீனின் வீச்சுக்குள். மெதைல் செம்மஞ்சளோ, காரம் விடும் கோடிட்ட குழாயான அளவி 6.3 மில்லிலீற்றரைத் தொடும்போதே முழு மஞ்சளாகிவிடும். வினாகிரியிலுள்ள அசற்றிக்கமிலத்தில் 30 சதவீதம்தான் அப்போது நடுநிலையாகியிருக்கும்.

அமோனியாக் கரைசலை ஐதரோகுளோரிக்கமிலத்தால் நியமித்தால் கதை தலைகீழ், மெதைல் செம்மஞ்சளே சரி. சலவைச்சோடாவில் இரண்டும் சரி, ஆனால் இரண்டு வேறு கேள்விகளுக்கு. 0.05 மூல் சோடியம் காபனேற்று 25 மில்லிலீற்றருக்கு 0.1 மூல் அமிலம் 12.5 மில்லிலீற்றர் விட்டதும் பினோத்தலீன் நிறமிழக்கும், இருகாபனேற்றாக மாறும் பாதிவழி அது. 25 மில்லிலீற்றரில்தான் மெதைல் செம்மஞ்சள் நிறம் மாறும்.

பினோத்தலீன் 0.5 கிராமை 50 மில்லிலீற்றர் எதனோலில் கரைத்த பிறகே 50 மில்லிலீற்றர் நீர் சேர்க்கவேண்டும். நேரே நீரில் போட்டால் கரையாது. கூம்புக்குடுவையில் இரண்டு மூன்று துளிக்கு மேல் போனால் வெண்கலங்கல் வரும். மிகச் செறிந்த காரத்தில் இளஞ்சிவப்பு வந்து மறையும், அது காட்டி பழுதானதால் அல்ல. மெதைல் செம்மஞ்சளுக்கு 0.1 கிராமும் 100 மில்லிலீற்றர் சுடுநீரும் போதும்; சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையிலான செம்மஞ்சளைப் பிடிக்கப் பழகாத கண்ணுக்கு, பக்கத்தில் ஒப்பிட ஒரு குடுவை வைக்கவேண்டும்.

பாசிச்சாயத்தாள் அசைக்கமுடியாமல் நிற்கும் இடம் வாயுச் சோதனை. ஈரமாக்கிய சிவப்புத்தாள் அமோனியாவில் நீலமாகும். ஈரமான நீலத்தாள் குளோரீனில் முதலில் சிவந்து பிறகு வெளுக்கும். உலர்ந்த தாளைப் பிடித்துவிட்டு "மாற்றமில்லை" என்று எழுதுவதே வழக்கமான பிழை. மாரி காலத்தில் இங்குள்ள ஈரக்காற்றில் திறந்த பெட்டித் தாள் விரைவில் பழுதாகும். வியர்த்த விரலே நீலத்தாளைச் சிவப்பாக்கும், ஆகவே இறுக்கமான போத்தலும் இடுக்கியும் வேண்டும்.

இன்னொன்று: பினோத்தலீனின் இளஞ்சிவப்பு 30 செக்கன் நின்றால் அளவியை மூடலாம். அதன்பின் மங்கினால் மேலும் காரம் விடக்கூடாது. காற்றிலிருந்து காபனீரொட்சைட்டு கரைந்ததால் வந்த மங்கல் அது. இதே வாயு திறந்துகிடந்த சோடியம் ஐதரொட்சைட்டுப் போத்தலிலும் காபனேற்றை உண்டாக்கும், அதனால் பழைய காரத்தில் இரண்டு காட்டிகளும் இரண்டு வாசிப்புத் தரும். இறப்பர் அடைப்பான் போடுங்கள். கண்ணாடி அடைப்பான் இறுகி ஒட்டிவிடும்.