ஷேக்கர் வாங்கலாம், பவுடர் வேண்டாம்

எங்கள் ஊர் ஜிம் பவுடர் கடை. பெயர் வேண்டாம். நான் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். ஓட்டப் பயிற்சிக்கு வரும் பிளஸ் ஒன் பையன் ஒருவன் 1,900 ரூபாய்க்கு பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கிற 'ப்ரீ ஒர்க்கவுட்' பவுடர் டப்பா ஒன்று வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்து நின்றான். அவனை அழைத்துக்கொண்டுதான் அந்தக் கடைப்படி ஏறினேன்.

கடை சுத்தம், ஏசி உண்டு. வே புரோட்டீன் டப்பாக்களில் சீல், காலாவதித் தேதி, உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ எண் எல்லாம் சரியாக இருந்தன. தசை வலுவுக்கென்று விற்கும் கிரியாட்டினுக்கு விளையாட்டில் தடை இல்லை. காஃபீனைக்கூட 2004-லேயே தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதுவரை எனக்குக் குறையில்லை.

பையனின் டப்பாதான் சிக்கல். பின்பக்கம் 'ப்ரொப்ரைட்டரி பிளெண்ட்', அதாவது கம்பெனியின் சொந்தக் கலவை என்று மொத்த எடை மட்டும் போட்டிருக்கிறது. எது எத்தனை மில்லிகிராம் என்று இல்லை. கண்ணாடியைக் கழற்றிக் கிட்டே வைத்துப் பார்த்தேன். கடைசியில் பொடி எழுத்தில் 'ஜெரேனியம் எக்ஸ்ட்ராக்ட்'. ஏதோ செடிச்சாறு என்றுதான் யாரும் நினைப்பார்கள். மெத்தில்ஹெக்சேனமைன் என்ற, தடையுள்ள ஊக்கமருந்து இப்படியொரு பெயரிலும் வரும். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு முன் நம் வீரர்கள் சிலர் மாட்டியது அந்த மருந்தில்தான்.

கடைக்காரரிடம் கேட்டேன். "எல்லாரும் போடுறாங்க சார். தடையை எடுத்துட்டு டாக்டரை வெச்சுக் குடுத்தா பிரச்சினையே இல்லை" என்றார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஸ்டானோசோலோல் என்ற ஸ்டீராய்டில் மாட்டிய கனடா ஓட்டக்காரர் பென் ஜான்சனுக்கும்தான் கூடவே டாக்டர் இருந்தார். சரி, அனுமதித்தே விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேண்டாம் என்று நினைக்கிற பையனும் போட்டுத்தானே ஆக வேண்டும்? இல்லாவிட்டால் ஹீட்ஸ் என்கிற முதல் சுற்றோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு டாக்டர் யார்? இந்த கவுண்டர்க்காரர்தான்.

மாட்டினால், ஊக்கமருந்து சோதனை செய்யும் தேசிய அமைப்பான நாடா (NADA) இந்தக் கடைக்காரரைக் கூப்பிடாது. உடம்பில் என்ன இருந்தாலும் பொறுப்பு ஓடுகிறவருக்கே. திருச்சிப் பக்கத்து கோமதி மாரிமுத்து 2019-ல் தோகா ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கியபோது எங்கள் மைதானத்தில் லட்டு கொடுத்தோம். அப்புறம் சோதனையில் நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு என்று முடிவு வந்தது. தான் எடுக்கவில்லை என்றார் அவர். 4 ஆண்டுத் தடை, தங்கமும் போயிற்று. இதைச் சொன்னதும் கடைக்காரர் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பில் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். டப்பாவைத் திருப்பிக் கொடுத்ததற்குப் பணம் தரவில்லை, "வேற பொருள் எடுத்துக்கோங்க" என்றார்கள். ஸ்கிப்பிங் கயிறு நான்கும் ஷேக்கர் இரண்டும் எடுத்துக்கொண்டோம். கணக்குப்படி இன்னும் 300 ரூபாய் எங்களுக்கு வர வேண்டும்.

5-க்கு 2 நட்சத்திரம். அந்த இரண்டும் ஷேக்கருக்கு. மூடி இறுக்கம், சைக்கிளில் மாட்டிப் போனாலும் ஒரு சொட்டு சிந்தாது. காலைப் பயிற்சி முடிந்ததும் இப்போது அதில்தான் மோர்.