அப்பத்தா வீட்டுத் தொட்டிக்கு ஒரு பஸ்ஸர்: பிளாட்ஃபார்ம்ஐஓவில் என் அனுபவம்

கானாடுகாத்தான் வீட்டில் அப்பத்தா மட்டும்தான் இருக்கிறார். மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிறைந்ததா என்று பார்க்க மாடிப்படி ஏறுவார். எண்பது வயதுக்கு மேல் அந்தப் படியே வேண்டாம் என்றுதான், தொட்டி நிறையும் முன்பு அடுப்படியில் பஸ்ஸர் ஒலிக்கும்படி இஎஸ்பி32 என்ற சிறிய சிப் உள்ள, நிரல் ஏற்றி ஓட்டும் ஒரு போர்டை வைத்தேன். வைஃபையை நம்பவில்லை. ரூட்டர் இருப்பது முகப்பில், தொட்டி இருப்பது பின்கட்டு மேலே. நடுவில் வளவு, இரண்டாங்கட்டு, அத்தனை கனமான சுவர்கள். தொட்டி மூடியில், தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒலியால் அளக்கும் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், கீழே வரை ஒரு வயர், அவ்வளவுதான்.

நிரலை முதலில் வேறொரு மென்பொருளில் எழுதினேன். என் கணினியில் நன்றாக ஓடியது. தேவகோட்டையில் இருக்கும் சித்தப்பா மகன் தன் லேப்டாப்பில் திறந்தால், பஸ்ஸர் வரியில் பிழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனில் பேசிய பிறகுதான் காரணம் பிடிபட்டது. ஆர்டுயினோ முறையில் எழுதிய நிரலை இஎஸ்பி32இல் ஓட வைக்கும் அடிப்படைத் தொகுப்பான ஆர்டுயினோ கோர் 2024இல் 3.0 ஆனபோது, ஒலி எழுப்பப் பயன்படும் பழைய கட்டளைகள் சில நீக்கப்பட்டன. என்னிடம் 2ஆம் வரிசை, அவனிடம் 3ஆம் வரிசை. எந்த வரிசைக்கு எழுதியது என்று நிரலில் எங்கும் இல்லை.

அதனால்தான் பிளாட்ஃபார்ம்ஐஓவுக்கு மாறினேன். நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடுக்குள் நிறுவி, இப்படிப்பட்ட போர்டுகளுக்கு நிரல் ஏற்றும் கருவி அது. இதில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு புராஜெக்ட் ஃபோல்டரிலும் இருக்கும் ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பு. எந்த போர்டு, எந்த ஃபிரேம்வொர்க் (எனக்கு ஆர்டுயினோ), எந்தெந்த லைப்ரரி (பிறர் எழுதிய துணை நிரல்), போர்டும் கணினியும் பேசும் சீரியல் வேகம் எவ்வளவு, எல்லாம் அதிலேயே இருக்கும். என்னுடையது ஆறு வரி. பிளாட்ஃபார்ம் வரியில், அதாவது அந்தச் சிப்புக்கான கோர், கம்பைலர் எல்லாம் சேர்ந்த தொகுப்பைச் சொல்லும் வரியில், பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். பதிப்பு எண்ணையும் போடுங்கள். நான் 6.9.0 என்று போட்டேன். எண் இல்லையென்றால் புதிதாகத் திறக்கும் கணினி அன்றைக்கு எது புதியதோ அதை இறக்கிக்கொள்ளும், அப்புறம் பழைய கதைதான்.

முதல் நாள் பொறுமை வேண்டும். நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் உட்பட எல்லாம் சேர்ந்து பல நூறு எம்பி இறங்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் செய்ய வேண்டாம், நின்றுவிட்டது என்று நினைத்து மூடவும் வேண்டாம்.

எனக்கு அரை நாளைத் தின்றது கேபிள். போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது, ஆனால் கணினியின் யுஎஸ்பி இணைப்புகளைக் காட்டும் போர்ட் பட்டியலில் எதுவுமே இல்லை. டிரைவரை இரண்டு முறை நிறுவினேன். கடைசியில் பார்த்தால் அது சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆன கேபிள், உள்ளே டேட்டா கம்பியே கிடையாது. கேபிளை மாற்றியதும் போர்ட் வந்தது. அப்லோடு செய்யும்போது புள்ளி புள்ளியாக வந்து நின்றால், போர்டில் உள்ள பூட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். போர்டு அனுப்பும் செய்திகளைக் காட்டும் சீரியல் மானிட்டரில் புரியாத குறிகள் வந்தால் வேகத்தை 115200 ஆக்குங்கள். சொல்லாவிட்டால் அது 9600 என்றே எடுத்துக்கொள்ளும்.

பழைய நிரலை அப்படியே ஒட்டினால் ஓடாது. இங்கே அது சாதாரண சிபிபி (சி++ நிரல்) கோப்பு. மேலே ஆர்டுயினோ ஹெடரைச் சேர்க்க வேண்டும், கீழே எழுதிய ஃபங்ஷன்களை முன்பே அறிவிக்கவும் வேண்டும். பத்து நிமிட வேலை.

ஒன்றைத் தெரிந்துகொண்டு வாருங்கள். அதிகாரபூர்வ இஎஸ்பி32 பிளாட்ஃபார்ம் ஆர்டுயினோ கோர் 2ஆம் வரிசையோடுதான் வருகிறது. 3ஆம் வரிசை வேண்டும், அல்லது இஎஸ்பி32-சி6 போன்ற புதிய சிப்பில் ஆர்டுயினோ எழுத வேண்டும் என்றால், பயனர்கள் தனியாகப் பராமரிக்கும் பியோஆர்டுயினோ என்ற மாற்றுப் பிளாட்ஃபார்முக்குப் போக வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் பழைய இஎஸ்பி32 போர்டையே வாங்கட்டும் என்பேன்.

போன மாதம் அப்பத்தா, பஸ்ஸர் இன்னும் கொஞ்சம் முன்னாடியே அடித்தால் நல்லது என்றார். வளவிலிருந்து சுவிட்சுக்கு நடந்து வருவதற்குள் தண்ணீர் வழிந்துவிடுகிறதாம். நான் அப்போது ஊரில் இல்லை. தம்பிதான் லேப்டாப்போடு போனான். ஃபோல்டரைத் திறந்ததும் அதே பதிப்புகள் தாமாகவே இறங்கின. மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே 30 செ.மீ. ஆனதும் அடிக்கட்டும் என்றிருந்ததை 40 ஆக்கி அப்லோடு செய்துவிட்டு எனக்குப் போன் போட்டான். பின்னால் பஸ்ஸர் சத்தம், அதற்கு மேல் அப்பத்தா குரல்: "இப்ப நடந்து வர்றதுக்குச் சரியா இருக்குப்பா."