பொது வாய்ஸ்மெயில் பெட்டி: பில்லுக்குப் பணம் கொடுக்கும் முன் சோதிக்க வேண்டியவை

அலுவலக பிபிஎக்ஸில் (உள் போன்களை இணைக்கும் சிஸ்டம்) எல்லோருக்கும் பொதுவான வாய்ஸ்மெயில் பெட்டி போட ஆளைக் கூப்பிட்டால், வேலையை மளமளவென்று முடித்துவிட்டு, உள்ளே இருக்கும் ஒரு போனிலிருந்தே அந்த எண்ணை அழுத்தி 'பீப்' சத்தத்தைக் காதில் கேட்கவைப்பார். அடுத்த நிமிடம் பில் வரும். பெட்டி என்று ஒன்று இருக்கிறது என்பதற்கு மட்டுமே அந்தச் சத்தம் சாட்சி. வெளியிலிருந்து வரும் அழைப்பு அங்கே போய்ச் சேருமா, சேர்ந்தது யாருக்காவது தெரியுமா என்பதை அவர் காட்டவே இல்லை.

அப்படி ஒப்படைத்துவிட்டுப் போன ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தால் என்ன கிடைத்தது என்று சொல்கிறோம். சிஸ்டம் ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற பிபிஎக்ஸ் மென்பொருள், அதன் உள்ளே அழைப்புகளைக் கையாள்வது ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருள். 200 என்ற எக்ஸ்டென்ஷன் (உள் எண்), போன் கிடையாது, பெட்டி மட்டும். ஒரே அழைப்புக்கு ஒலிக்கும் போன்களின் தொகுப்பான ரிங் குரூப்பில் யாரும் எடுக்காவிட்டால் அழைப்பு அங்கே போக வேண்டும்.

போனது. ஆனால் அலுவலகம் பதிவு செய்து வைத்த வரவேற்புக் குரல் கேட்கவில்லை. 200-இல் இருப்பவர் வேறு அழைப்பில் இருக்கிறார் என்று சிஸ்டத்தின் ஆங்கிலக் குரல் சொன்னது. இந்தப் பெட்டிக்கு 'அன்அவெய்லபிள்', 'பிஸி' என்று தனித்தனி வரவேற்புகள் உண்டு. குரலைப் பதிந்தது முதலாவதில், ரிங் குரூப்பின் கடைசி இலக்காகத் தேர்ந்தெடுத்திருந்தது இரண்டாவதை. ஒரு டிராப்டவுனில் ஒரு வரி மாற்றினால் தீரும். இதற்குத்தான் மறுபடி 'விசிட்டிங் சார்ஜ்' கேட்கிறார்கள். வரவேற்பை மாற்றவும் ஆள் தேவையில்லை: *98, பெட்டி எண், பின் எண் (ரகசிய எண்), பிறகு 0, அங்கே 1 அன்அவெய்லபிள், 2 பிஸி, 4 தற்காலிக வரவேற்பு. விடுமுறைக்கு 4-ஐப் பயன்படுத்துங்கள். அது இருக்கும்வரை மற்ற இரண்டும் ஒலிக்காது, அழித்தவுடன் பழையது தானாகத் திரும்பிவிடும்.

அடுத்தது, புதுச் செய்தி வந்ததைப் போனில் காட்டும் விளக்கு. 200-க்குப் போனே இல்லாததால் செய்தி வந்தாலும் எந்த மேஜையிலும் விளக்கு எரியாது. வரவேற்பாளரின் எக்ஸ்டென்ஷன் அமைப்பில் மெயில்பாக்ஸ் என்ற இடத்தில் அவருடைய பெட்டியோடு 200-ஐயும் சேர்க்க வேண்டும். சேர்க்காததை மறைக்க, "அதான் ஈமெயில் வருதே சார்" என்பார்கள்.

அந்த ஈமெயிலில்தான் பெரிய குழி. செய்தியை மெயிலில் அனுப்பியதும் சர்வரிலிருந்து அழித்துவிடும் 'டெலிட் வாய்ஸ்மெயில்' வசதியை இயக்கிவைத்திருந்தார்கள். மெயில் உங்கள் இன்பாக்ஸுக்கு வந்ததா என்று ஆஸ்டரிஸ்க் பார்ப்பதில்லை. அதே சர்வரில் உள்ள மெயில் புரோகிராமிடம் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்று ஒலிக்கோப்பை அழித்துவிடும். அனுப்பும் முகவரிக்கு எஸ்பிஎஃப் பதிவு (எந்த சர்வர்கள் அந்த முகவரியின் பெயரில் மெயில் அனுப்பலாம் என்ற அறிவிப்பு) சரியாக இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் மெயிலை ஸ்பாமில் தள்ளும், அல்லது திருப்பியடிக்கும். அப்போது வாடிக்கையாளரின் செய்தி எங்குமே இருக்காது. பொதுப் பெட்டியில் இந்த வசதியை எப்போதும் அணைத்தே வையுங்கள்.

அணைத்தால் டிஸ்க் நிரம்பிவிடும், பெரிதாக வாங்குங்கள் என்பது அடுத்த வியாபாரம். கணக்கைப் பாருங்கள். தொலைபேசித் தரத்திலுள்ள வேவ் பதிவு நொடிக்கு 16,000 பைட், நிமிடத்துக்கு ஒரு எம்பிக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டு நிமிடச் செய்திகள் 100 சேர்ந்தாலும் 200 எம்பி தாண்டாது. உண்மையில் நிரம்புவது எண்ணிக்கை: ஆஸ்டரிஸ்கில் மாற்றாமல் விட்டால் ஒரு ஃபோல்டருக்கு 100 செய்திதான். 101-வது ஆள் பெட்டி நிரம்பிவிட்டது என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். வரம்பைக் கூட்டுவதோடு, தினமும் காலி செய்ய ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும்.

ரிங் குரூப்பில் யாருடைய மொபைல் எண்ணாவது சேர்த்திருந்தால் இன்னொரு சிக்கல். மொபைல் அணைந்திருக்கும்போது அந்த மொபைல் கம்பெனியின் வாய்ஸ்மெயில் அழைப்பை எடுத்துவிடும். எடுத்தாயிற்று என்று பிபிஎக்ஸ் மற்ற போன்களை நிறுத்திவிடும். அலுவலகத்துக்கான செய்தி ஒருவரின் சொந்த மொபைல் பெட்டியில் கிடக்கும். 'கன்ஃபர்ம் கால்ஸ்' இயக்கினால், எடுப்பவர் 1 அழுத்தாமல் அழைப்பு இணையாது.

அனலாக் லைன் (பழைய வகை கம்பித் தொலைபேசி இணைப்பு) வைத்திருப்பவர்களுக்கு: பேசியவர் வைத்துவிட்டது சிஸ்டத்துக்குப் புரியாவிட்டால், பெட்டி முழுக்க 'டொய்ங் டொய்ங்' என்ற பிஸி டோன் நிறைந்திருக்கும். பிஸி டோனைக் கண்டுபிடிக்கும் அமைப்பை உங்கள் லைனின் டோனுக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். கூடவே, எத்தனை விநாடி மௌனத்துக்குப் பின் பதிவை நிறுத்துவது என்ற எண், வைத்துக்கொள்ள வேண்டிய பதிவின் குறைந்தபட்ச நீளத்தைவிடச் சிறியதாக இருக்கட்டும். தலைகீழாக இருந்தால் வெற்றுச் செய்திகள் குவியும்.

பின் எண் பற்றி ஒரே வார்த்தை: 200 பெட்டியின் பின் எண்ணை 200 என்றோ 1234 என்றோ வைத்துவிட்டுப் போவது வேலை தெரியாதவர் செய்வதில்லை, சோம்பேறி செய்வது. பல சிஸ்டங்களில் வரவேற்பு ஓடும்போது ஸ்டார் அழுத்தினால் வெளியிலிருந்தே லாகின் கேட்கும். உள்ளே நுழைந்தவருக்கு வெளி எண்ணுக்கு அழைக்கும் வசதியும் திறந்திருந்தால், வார இறுதியில் உங்கள் கணக்கில் சர்வதேச அழைப்புகள் ஓடும். ஆறு இலக்கமாவது வையுங்கள். பெட்டியிலிருந்து வெளியே அழைக்கும் வசதியை மூடுங்கள்.

லைசென்ஸ் விஷயத்திலும் ஏமாறாதீர்கள். ஃப்ரீபிபிஎக்ஸில் ஒரு பெட்டி கூடுவதற்குக் காசு இல்லை. மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் கால் கியூவின் (அழைப்புகளை வரிசையில் நிறுத்தி ஊழியர்களுக்குக் கொடுக்கும் வசதி) பொதுப் பெட்டி ஒரு மைக்ரோசாஃப்ட் 365 குரூப்புக்குப் போகிறது. அதற்கான ரிசோர்ஸ் அக்கவுண்ட் (ஆளுக்கு அல்லாமல் கியூவுக்கான கணக்கு) லைசென்ஸுக்கு விலை பூஜ்யம். முழு யூசர் லைசென்ஸாக பில்லில் ஏற்றியிருந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெட்டிக்கு லைசென்ஸ் கேட்கும் சிஸ்டங்களும் உண்டு, அங்கே அது விலைப்பட்டியலில் தனி வரியாக இருக்கும்.

அட்மின் பாஸ்வேர்டும் கான்ஃபிகரேஷன் பேக்கப்பும் கைக்கு வராமல் பாக்கியைத் தீர்க்காதீர்கள். "அது எங்ககிட்டயே இருக்கட்டும், நீங்க தொட்டா கெட்டுடும்" என்றால், அடுத்த ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் பில் தயாராகிறது என்று அர்த்தம்.

ஒப்படைக்கும்போது அவரை உட்காரவைத்து, வெளி மொபைலிலிருந்து அலுவலக மெயின் எண்ணைக் கூப்பிடுங்கள். யாரும் எடுக்காமல் ஒருமுறை, எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை, எல்லா போன் வயரையும் பிடுங்கிவிட்டு ஒருமுறை. சிஸ்டத்தில் உள்ள அலுவலக நேர அமைப்பை மூடிய நேரத்துக்கு மாற்றியும் பாருங்கள். பகலில் ஓடும் பெட்டி இரவில் லைனைத் துண்டிக்கும்படி விட்டிருப்பது அடிக்கடி நடப்பது. ஒவ்வொன்றிலும் செய்தி விட்டு, விளக்கு எரிகிறதா, மெயில் வந்ததா, செய்தியில் சொல்லும் நேரம் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கடைசியாக சர்வரை ஒருமுறை ரீபூட் செய்யச் சொல்லி, அதே அழைப்பை மறுபடி போடுங்கள்.